இரைச்சலுக்கு முந்திய நிமிடம்

பள்ளிக் கட்டொழுங்கைப் பற்றிய விவாதம் மலேசியத் தமிழரிடையே எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் தண்டனையில் தொடங்கித் தண்டனையிலேயே முடிந்துவிடுகிறது. ரோத்தான் எனப்படும் பிரம்படி வேண்டுமா வேண்டாமா, மாணவனைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்வது சரியா, பெற்றோரின் தலையீடு ஆசிரியரின் கையைக் கட்டிவிட்டதா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே பேச்சு சுழல்கிறது. இவை மூன்றும் வகுப்பில் குழப்பம் மூண்ட பிறகு எழுகின்ற கேள்விகள். ஆனால் வகுப்பறைகளுக்குள் அமர்ந்து, நடப்பதைப் பதிவு செய்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவரும் செய்தி வேறு. அமைதியான வகுப்பையும் கலவரமான வகுப்பையும் பிரிப்பது குழப்பம் எழுந்தபின் ஆசிரியர் எடுக்கும் நடவடிக்கையைவிட, அது எழுவதற்கு முந்திய நிமிடங்களில் அவர் செய்த, செய்யத் தவறிய சிறு செயல்களே என்பதுதான் அது.

இடையூறு என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. செய்தித்தாள்களில் இடம்பெறுவன அடிதடியும் குண்டர் கும்பல் தொடர்பும் ஆசிரியரைத் தாக்கிய நிகழ்ச்சிகளும்தாம். அவை கடுமையானவை, ஆனால் அரிதானவை. இங்கிலாந்தில் பள்ளிக் கட்டொழுங்கை ஆராய அமைக்கப்பட்ட எல்டன் குழு 1989இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிரியர்களை உண்மையில் சோர்வடையச் செய்வது வன்முறை அன்று, நாள் முழுவதும் இடைவிடாமல் நிகழும் சிறு இடையூறுகளே என்று எடுத்துக்காட்டியது. முறை தவறிப் பேசுவது, பக்கத்து மாணவனின் வேலையைக் கெடுப்பது, வேலையைத் தொடங்காமலே நேரத்தைக் கடத்துவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் இவற்றில் எதற்கும் புகார்க் கடிதம் எழுத முடியாது. சேர்த்துப் பார்த்தால் நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடத்தை இவை விழுங்கிவிடும். இக்கட்டுரை இத்தகைய சிறு இடையூறுகளையே பேசுகிறது, ஏனெனில் பெரியவை இவற்றிலிருந்துதான் வளர்கின்றன.

பேராக் மாநிலத்தை இக்கேள்விக்குக் களமாகக் கொள்வதற்கு வலுவான காரணம் உண்டு. மலேசியாவிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் 130க்கும் மேற்பட்டவை இம்மாநிலத்தில்தான் இருக்கின்றன; வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய ஒரு பொருளாதாரம், சுங்கை சிப்புட், செம்மோர், சித்தியவான், தெலுக் இந்தான், பாகான் டத்தோ எனப் பல வட்டாரங்களில் தோட்டங்களைப் பரப்பி, தமிழ்த் தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு அருகில் கோயிலையும் பள்ளியையும் விட்டுச் சென்றிருக்கிறது. பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற காலனியாட்சிக்காலத் தொழிலாளர் சட்டத்தின் விளைவே அந்தப் பள்ளி. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் செம்பனைக்கு இடம் கொடுத்தது, சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் சிறு பட்டணங்களின் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. பள்ளிகளில் பல அங்கேயே நின்றன. 150 மாணவர்க்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை அந்த வகையில் அடங்கும்.

அத்தகைய பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைக்குத் தமிழ்வழியில் தொடர்வதற்கு இடைநிலைப்பள்ளி கிடையாது. நாட்டின் அரசு இடைநிலைப்பள்ளிகள் அனைத்திலும் பயிற்றுமொழி மலாய்தான். வகுப்பில் பத்துப் பதினைந்து பேரோடு படித்து, எல்லா ஆசிரியர்களுக்கும் தன் தந்தையின் பெயரும் தெரிந்திருந்த ஓர் இடத்திலிருந்து, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் முப்பது நாற்பது பேர் அடங்கிய வகுப்பறைக்குள் அப்பிள்ளை நுழைகிறது. அங்கு ஒரு நாளில் ஐந்தாறு ஆசிரியர்கள் மாறி மாறி வருகிறார்கள். ஒவ்வொருவரும் தம் பாடத்தை வேகமான மலாய்மொழியில் நடத்துகிறார்கள். தொடக்கப்பள்ளியில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்களுக்காகப் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான முதலாம் படிவத்திற்குச் செல்லுமுன் மொழியைத் திருத்திக்கொள்ள வாய்ப்பளிப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் தன்னோடு படித்தவர்கள் ஒரு படி முன்னே போய்விட, தான் மட்டும் பின்தங்கிய வகுப்பில் உட்கார வைக்கப்பட்டதாகவே பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை உணர்கிறது. முதலாம் படிவத்தில் நேரடியாக அமர்பவருக்கும் மொழிச்சுமை குறைந்துவிடுவதில்லை. அறிவியலும் வரலாறும் புவியியலும் புதிய கலைச்சொற்களோடு ஒரே வாரத்தில் வந்து குவிகின்றன.

புரியாத பாடத்தின் நடுவே நாற்பது நிமிடம் அசையாமல் அமர்ந்திருப்பது பெரியவர்களுக்கே கடினம். பேராக்கின் பல வகுப்பறைகளில் ‘குறும்பு’ என்று பதிவாகும் செயல்களில் ஒரு பங்கு, புரியாமையின் வேறு வடிவமே என்ற கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. அக்கருத்தை வெறும் இரக்கத்தின் மேல் நிறுத்தத் தேவையில்லை. நடத்தை அறிவியலின் அடிப்படைக் கொள்கைகளே அதற்குத் துணை நிற்கின்றன.

அவற்றுக்குப் போகுமுன் ஆசிரியரின் பக்கத்தைப் பார்ப்போம். வகுப்பு மேலாண்மை என்ற துறைக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். டெட்ராய்ட் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஓர் ஆசிரியர் ஒரு மாணவனைக் கண்டிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற மாணவரிடம் என்ன மாற்றம் நிகழ்கிறது என்ற கேள்வியோடு தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். குளத்தில் விழுந்த கல்லின் அலைபோல ஒருவரைக் கண்டிப்பதன் விளைவு மற்றவரிடமும் பரவுவதை அலைவிளைவு என்று அவர் பெயரிட்டார். கண்டிப்பு தெளிவாக இருந்தால் நல்லதா, உறுதியாக இருந்தால் நல்லதா, கடுமையாக இருந்தால் நல்லதா என்று அவரும் அவர் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். பின்னர் வகுப்பறைகளைக் காணொளி நாடாவில் பதிவுசெய்து ஆராய்ந்தபோது கிடைத்த விடை அவர்களே எதிர்பாராதது. ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதற்கும் அவ்வகுப்பில் எவ்வளவு ஒழுங்கு நிலவியது என்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தென்படவில்லை. 1970இல் வெளிவந்த அவருடைய நூல், தன் முதற்கேள்வியைக் கைவிட்டு வேறு கேள்விக்குத் திரும்பிய ஓர் ஆய்வாளரின் நேர்மைக்குச் சான்றாக இன்றும் படிக்கத்தக்கது.

அந்த நாடாக்களில் நல்ல வகுப்புகளைப் பிரித்துக் காட்டியவை சில திறன்கள். வகுப்பின் நான்கு மூலைகளிலும் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருப்பதும், அப்படித் தெரிந்திருக்கிறது என்பது மாணவருக்கு விளங்குவதும் முதல் திறன். இதைச் ‘சூழல் விழிப்பு’ எனலாம். ஒரு மாணவனின் கணக்கைத் திருத்திக்கொண்டே கதவருகில் நிற்கும் இன்னொருவனுக்குக் கையசைவால் அனுமதி தருவதுபோல இரு செயல்களை ஒருசேரக் கையாள்வது இரண்டாவது. பாடத்தைத் தொய்வில்லாமல் நகர்த்திச் செல்வது மூன்றாவது. பாட ஓட்டத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் கூனின் பட்டியலிட்டார். ஒரு செயலைத் தொடங்கிவிட்டு அதை அந்தரத்தில் விட்டு வேறொன்றுக்குத் தாவுவது ஒன்று. ஒரு சிறு தவற்றைப் பற்றி நீட்டி முழக்குவது இன்னொன்று; ஒருவன் புத்தகம் கொண்டுவராததற்காக முப்பத்தைந்து பேரின் ஐந்து நிமிடத்தைச் செலவிடும் ஆசிரியர், புத்தகம் கொண்டுவந்த முப்பத்துநான்கு பேருக்கும் சும்மா இருக்க நேரம் கொடுக்கிறார்.

சூழல் விழிப்பு எப்படி உடைகிறது என்பதை ஒரு மாலைநேர வகுப்பில் அருகிலிருந்து காணலாம். பல இடைநிலைப்பள்ளிகளில் புகுமுக வகுப்பும் கீழ்ப்படிவங்களும் மதியத்திற்குப் பின் நடப்பது வழக்கம். இரண்டரை மணி, மின்விசிறி சுழல்கிறது, காற்று மட்டும் வரவில்லை. ஆசிரியர் வெண்பலகையின் பக்கம் திரும்பி, ஒரு நீண்ட குறிப்பை எழுதத் தொடங்குகிறார். கடைசி வரிசையில் ஒருவன் பேனா மூடியைச் சுண்டி எறிகிறான். அது மூன்றாம் வரிசையில் உள்ளவனின் கழுத்தில் படுகிறது. அவன் திரும்பி வாயசைக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பொலி கேட்டு ஆசிரியர் திரும்பும்போது சிரித்தவன் மட்டுமே அகப்படுகிறான். அவன் எழுந்து நிற்க வைக்கப்படுகிறான். அந்த ஒரு நொடியில் வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்ட பாடம், ஆசிரியருக்கு நடந்தது தெரியாது என்பதே. கூனின் இதில் இரு பிழைகளைக் கண்டிருப்பார்: ஆளில் பிழை, நேரத்தில் பிழை. தொடங்கியவன் தப்பினான், சிறியது பெரிதாகிய பின்னரே தலையீடு வந்தது. மாணவருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதுவதும், நீண்ட குறிப்புகளை முன்கூட்டியே தாளில் அச்சிட்டுக் கொடுப்பதும், எழுதும்போது மாணவருக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டு எழுதுவதும் மிகச் சாதாரணமான மாற்றங்கள். ஆனால் அந்தப் பேனா மூடி பறப்பதற்கான வாய்ப்பு அவற்றால்தான் குறைகிறது.

அடுத்த கேள்வி, மாணவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்பது. நடத்தை அறிவியல் இதற்குக் குணத்தைத் தேடுவதில்லை. அச்செயலால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கிறது. ஒரு செயலுக்குப் பின் விரும்பத்தக்க விளைவு தொடர்ந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடுகிறது. இவ்விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர். வகுப்பறையில் இடையூறுக்குக் கிடைக்கும் வலுவூட்டல் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று பிறருடைய கவனம், மற்றொன்று விரும்பாத வேலையிலிருந்து தப்பித்தல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் இரு குறும்புகள் இந்த இரண்டில் எதைத் தேடுகின்றன என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறான மருந்தைக் கேட்கின்றன.

கவனம் தேடும் நடத்தையைப் பற்றி 1968இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி பெக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வுகள் ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியவை. தொடக்கப்பள்ளி வகுப்புகளில் விதிகளைச் சொல்வதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. சிறு குறும்புகளைப் பொருட்படுத்தாமல் விட்டு, நல்ல செயலை உடனுக்குடன் குறிப்பிட்டுப் பாராட்டியபோது மாற்றம் வந்தது. அதே குழுவின் மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. இடத்தைவிட்டு எழுந்த பிள்ளைகளை ‘உட்கார்’ என்று ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. ஒவ்வொரு கட்டளைக்கும் பிள்ளை ஒரு நொடி உட்கார்ந்தது. அதனால் கட்டளை பயன் தருகிறது என்று ஆசிரியர் நம்பினார். ஆனால் எழுந்தால் ஆசிரியரின் பார்வை கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொண்டிருந்தது. இருவருமே ஒருவரையொருவர் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பித்தலின் கதை பேராக்கின் வகுப்புகளுக்கு இன்னும் நெருக்கமானது. வரலாற்றுப் பாடநூலின் ஒரு பத்தியை உரக்கப் படிக்குமாறு முதலாம் படிவ மாணவன் ஒருவன் பணிக்கப்படுவதாகக் கொள்வோம். அவனுக்கு மலாய் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்; ஆனால் தடுக்காமல் படிக்க வராது. முப்பத்தைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதற்சொல்லை வேண்டுமென்றே கோணலாக உச்சரித்து வகுப்பைச் சிரிக்க வைக்கிறான். ஆசிரியர் கோபத்தோடு அவனை வெளியே நிற்கச் சொல்கிறார். அவன் நடைபாதையில் நிற்கிறான். பத்தியைப் படிப்பது இன்னொருவனுக்குப் போகிறது. தண்டனை என்று ஆசிரியர் எண்ணியது அவனுக்கு விடுதலையாகிவிட்டது. படிக்கத் தெரியாதவன் என்ற பெயர் அவனுக்கு வரவில்லை. துணிச்சல்காரன் என்ற பெயர் வந்தது. அடுத்த முறை அவன் முதற்சொல் வரும்வரை காத்திருக்கமாட்டான். ஆரிகன் மாநிலத்தில் குடும்பங்களை ஆராய்ந்த ஜெரால்ட் பேட்டர்சன் இந்தச் சுழலை ‘வற்புறுத்தல் வட்டம்’ என்ற பொருள்படும் பெயரால் விளக்கினார். ஒருவர் கெடுபிடி காட்ட மற்றவர் அதைவிடப் பெரிய கெடுபிடியால் விடையளித்து, யாரோ ஒருவர் பின்வாங்கும்போது அப்போதைக்குக் கிடைக்கும் நிம்மதியே அடுத்த மோதலுக்கு விதையாகிறது. மாணவனை வெளியே அனுப்பிய ஆசிரியருக்கும் அந்த நிம்மதி கிடைக்கிறது. ஆகவே அவரும் அடுத்த முறை அதையே செய்வார்.

இந்த மாணவனுக்கு வேண்டியது படிக்கும் பத்தியை முந்தின நாளே தெரிந்துகொள்வதும், தனியே ஒருமுறை படித்துப் பார்ப்பதும், முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் படிக்கப் பெறுவதும்தான். பாடத்தில் வரவிருக்கும் பத்துக் கலைச்சொற்களைப் பாடம் தொடங்குமுன் பலகையில் எழுதி, படத்தோடு விளக்கிவிடும் ஆசிரியர் மொழிப்பாடத்தோடு கட்டொழுங்கையும் சேர்த்தே நடத்துகிறார். பேராக்கில் பாடம் எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியரும், அவர் எந்த இனத்தவராயினும், தம் வகுப்பில் மலாயை இரண்டாம் மொழியாகக் கற்றுவந்தவர் எத்தனைபேர் என்பதை முதல் நாளே எண்ணிவைத்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தெரியாமல் நடத்தப்படும் வகுப்பில் இடையூறு வருவதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

பதின்ம வயதின் இயல்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மூளையின் முன்பகுதியில் உள்ள, உந்துதலை அடக்கித் திட்டமிட்டுச் செயல்பட உதவும் பகுதிகள் இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்க, வெகுமதிக்கும் பரவசத்துக்கும் விரைந்து துலங்கும் பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே கூர்மையடைந்துவிடுகின்றன. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்கும் 2005இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் வண்டியோட்டும் விளையாட்டொன்றைத் தனியாக ஆடியபோதைவிடத் தோழர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது இளையோர் கூடுதல் அபாயங்களை ஏற்றனர். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. வகுப்பறை என்பது பார்வையாளர் நிரம்பிய அரங்கம். எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லிக் கண்டிக்கப்படும் பதினான்கு வயது மாணவனுக்கு இரண்டே வழிகள் தெரிகின்றன: தோழர்கள் முன் தலைகுனிவது, அல்லது எதிர்த்துப் பேசுவது. கண்டிப்பின் தெளிவும் உறுதியும் கடுமையும் கூனின் கண்ட வகுப்புகளில் வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை என்றாலும், அது யார் காதில் விழுகிறது என்பது வேறு கேள்வி. 1970இல் டேனியல் ஓலியரியும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இவ்விடத்தில் கைகொடுக்கிறது. வகுப்பு முழுவதும் கேட்கும்படி உரத்துக் கண்டித்ததைவிட, சம்பந்தப்பட்ட மாணவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் அருகில் சென்று கண்டித்தபோது இடையூறுகள் குறைந்தன. நடந்துபோகும் வழியில் குனிந்து, ‘தம்பி, இரண்டாம் கேள்வி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடும் ஆசிரியர் அந்த மாணவனுக்குத் தோற்காமல் பணிவதற்கு வழிவிடுகிறார். பாராட்டும் அப்படியே, சிறுவருக்கு இனிக்கும் பகிரங்கப் புகழ்ச்சி மூன்றாம் படிவத்தில் கேலிக்கு இடமாகலாம், தாளின் ஓரத்தில் எழுதிய ஒரு வரி ஆகாது.

ரோத்தானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் பிரம்படியை அனுமதிக்கின்றன. ஆனால் அதைப் பலர் எண்ணுவதைவிடக் குறுகிய எல்லைக்குள் நிறுத்துகின்றன. தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்த ஆசிரியரோ மட்டுமே அடிக்கலாம். பெண்பிள்ளைகளை அடிக்கக் கூடாது. இலேசான பிரம்பால் உள்ளங்கையிலோ ஆடைக்கு மேலாகப் பிட்டத்திலோ மட்டுமே அடிக்கலாம். ஆகவே கையில் கிடைத்ததால் எந்த ஆசிரியரும் அடிக்கலாம் என்ற வழக்கம் சட்டத்திற்குப் புறம்பானது. தோட்டத்துப் பள்ளியில் வாத்தியாரிடம் அடிவாங்கிப் படித்து முன்னேறியவர்கள் அந்த அடியை நன்றியோடு நினைவுகூர்வதுண்டு. அந்த நன்றி உண்மையானது. அது பெரும்பாலும் அடித்த கைக்கு உரியதன்று, மாலையில் வீட்டு வாசலுக்கே வந்து ‘பையன் ஏன் வரவில்லை’ என்று கேட்ட மனிதருக்கு உரியது. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆன்ட்ரூ குரோகன்-கேலரும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பிள்ளைகளை அடிப்பது முரட்டுத்தனம், மனநலக் குறைவு உள்ளிட்ட தீய விளைவுகளோடு தொடர்புற்றிருப்பதே மீண்டும் மீண்டும் தென்பட்டது. பிரம்பு ஒரு செயலை அந்த நிமிடத்தில் நிறுத்தும். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்றுத்தர அதனால் இயலாது.

அதைக் கற்றுத்தர ஏற்ற காலம் ஆண்டின் முதல் இரண்டு மூன்று வாரங்கள். கரோலின் எவர்ட்சனும் எட்மண்ட் எம்மரும் அமெரிக்காவின் கீழ்நிலை இடைநிலைப்பள்ளி வகுப்புகளைக் கவனித்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டு முழுவதும் ஒழுங்காக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள் முதல் நாட்களிலேயே நடைமுறைகளைப் பாடம்போலக் கற்பித்திருந்தார்கள். நடைமுறை என்பது விதியைவிடச் சிறியது: வகுப்புக்குள் எப்படி நுழைவது, தாளை எப்படிச் சேகரிப்பது, சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது, வேலையை முதலில் முடித்தவர் என்ன செய்வது. இவற்றை ஒருமுறை அறிவிப்பது போதாது. செய்துகாட்டி, செய்யவைத்து, தவறினால் கோபமின்றி மீண்டும் செய்யவைக்க வேண்டும். முதலாம் படிவ மாணவருக்கான அறிமுக வாரம் பள்ளிப்பாடலுக்கும் கட்டொழுங்கு ஆசிரியரின் எச்சரிக்கைக்கும் செலவாகிவிடுமானால், ஆண்டின் மிக விலைமதிப்புள்ள நாட்கள் வீணாகின்றன. மலிவான வேறொரு வழியும் உண்டு. கிளேட்டன் குக்கும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் பாடம் தொடங்குமுன் வாசலில் நின்று ஒவ்வொரு மாணவரையும் பெயர்சொல்லி வரவேற்றபோது பாடத்தில் ஈடுபட்ட நேரம் 20 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது, இடையூறு 9 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. தமிழ்ப்பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் மலாய், சீன ஆசிரியர் ஒருவர் வாசலிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

வகுப்புக்கு வெளியே உள்ள ஒரு காரணத்தை, தூக்கக் குறைவை, குறிப்பிடாமல் விட இயலாது. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் ஈப்போவில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் உதிக்கிறது; காலைப் பள்ளியோ ஏழரை மணியளவில் தொடங்கிவிடுகிறது. செம்பனைத் தோட்டத்தின் உள்சாலையிலிருந்து பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளை இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் இயற்கையாகவே தாமதமாகிறது என்பதையும், இவ்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பதையும் தூக்க ஆய்வுகள் தெளிவாக்கியிருக்கின்றன. தூக்கம் குறைந்த பிள்ளை எப்போதும் பெரியவரைப்போல் தளர்ந்து சாய்வதில்லை. பல வேளைகளில் நிலைகொள்ளாமல் அலைகிறது, சிறு சொல்லுக்கும் சீறுகிறது.

இத்தனையையும் ஓர் ஆசிரியர் செய்ய வேண்டுமானால் அவர் மாணவனைப் பார்க்கும் பார்வை முதலில் மாற வேண்டும். ஜேசன் ஒகோனோஃபுவாவும் சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவின் ஐந்து நடுநிலைப்பள்ளிகளில் செய்து 2016இல் வெளியிட்ட சோதனை இதற்கு எடுத்துக்காட்டு. மாணவரின் நிலையைப் புரிந்துகொண்டு அவர் மதிப்பைக் காப்பதே கட்டொழுங்கின் வழி என்பதைச் சிந்திக்கவைக்கும் ஒரு குறுகிய இணையவழிப் பயிற்சியைக் கணித ஆசிரியர்கள் சிலர் மேற்கொண்டார்கள். அவர்களிடம் படித்த மாணவருள் அவ்வாண்டில் இடைநீக்கம் செய்யப்பட்டவர் 4.8 விழுக்காடு, மற்ற ஆசிரியரிடம் படித்தவருள் 9.6 விழுக்காடு. பேராக்கிலும் ‘தோட்டத்துப் பையன்’, ‘கடைசி வகுப்பு’ என்ற சொற்கள் ஆசிரியர் அறையிலேயே முடிவாகிவிடுகிற இடங்களில் அந்தப் பையனுக்குத் திருந்துவதற்கான இடம் மிகக் குறைவு. இந்தப் பார்வையை ஆசிரியர் பயிற்சியிலேயே மாற்றத் தொடங்கலாம். தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஈப்போவின் ஆசிரியர் கல்விக் கழகமும் இம்மாநிலத்திலேயே இருக்கின்றன. வருங்கால ஆசிரியர்கள் தோட்டப்புறப் பிள்ளைகள் படிக்கும் இடைநிலைப்பள்ளிகளில் சில வாரங்கள் பின்வரிசையில் அமர்ந்து, எந்த நிமிடத்தில் எதனால் இடையூறு தொடங்கியது என்பதை மட்டும் குறித்துவர ஏற்பாடு செய்வது இந்நிறுவனங்களுக்கு அரிய காரியமன்று.

பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழி ஆசிரியர் ஒருவரே இருக்கிறார். தமிழ் மாணவர் எவரிடம் சிக்கல் எழுந்தாலும் கட்டொழுங்கு ஆசிரியரின் அறைக்கு அழைக்கப்படுபவரும் அவரே. அவர் இருப்பதற்குச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு. குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சொல்கிறது. அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்திடும் பெற்றோர் தம் பிள்ளைக்கு மொழிப்பாடத்தை மட்டுமன்றி, பள்ளிக்குள் தம் மொழியில் பேசக்கூடிய ஒரு பெரியவரையும் பெற்றுத்தருகிறார்கள். முதலாம் படிவத்தில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், புகார்க் கடிதம் வரும்வரை காத்திராமல், பள்ளி தொடங்கிய முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரை நேரில் சென்று பார்த்து, தம் பிள்ளைக்கு மலாயில் எது வரும் எது வராது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வரட்டும்.